கதவில் மாட்டிய சட்டை

பையைக் கீழ வைக்காத கண்ணு, மடியில வச்சுக்க. கீழ எவனோ வாந்தி எடுத்திருக்கறான், அதை அரைகொறையாக் கழுவி உட்டிருக்கறாங்க. ம், அப்படி. காந்திபுரமா? நானு லட்சுமி மில்லுல எறங்கிக்குவேன். அது வரைக்கும் சித்தே அட்ஜஸ் பண்ணிக்க.

உன்ற துப்பட்டால கறை இருக்குது பாரு. அங்க இல்ல, எடது பக்கம், நுனியில. மஞ்சக் கறை. கொழம்பா? சோப்புப் போட்டதும் செவப்பாப் போகும், பயந்துக்காத. நல்லாத் தேச்சு வெயில்ல காயப் போடு, வெயிலு தின்னுரும். கோவிச்சுக்காத அம்மிணி, நானு திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. காலம் பூரா அதே வேலை. டியூப் லைட்டுக்குக் கீழ பீஸைப் போட்டு, கறை இருக்குதா, ஓட்டை இருக்குதா, நூலு தொங்குதான்னு பொரட்டிப் பொரட்டிப் பாக்கறது. கறை இருந்தா எடுத்துத் தனியாப் போட்டுரோணும். இப்ப எந்த மனுசனைப் பாத்தாலும் மொகத்துக்கு முன்னாடி துணிதான் தெரியுது. அந்தக் கண்ணுதான் இன்னைக்கு என்னைய பஸ்சுல ஏத்தி உட்டிருக்குது.

எங்க போறேன்னு கேக்கறயா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். ஆருகிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். என்ற மருமவளைக் கூட்டியாரப் போறேன். கூட்டியாரப் போறேன்னு வாயிலதான் சொல்றேன், வருவாளா மாட்டாளான்னு அந்த அவிநாசியப்பனுக்குத்தான் தெரியும். மொதல்ல நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும். அப்பறந்தான் கூட்டியாறது.

அவ ஒரு ஆர்ட்டிஸ்ட்டு. எழிலரசின்னு பேரு. பேப்பர்ல போட்டோவெல்லாம் வந்துச்சு, நீ பாத்திருப்ப. பாக்கலையா? தலைமுடியை ஆம்பளப் பையனாட்ட வெட்டீட்டு நிப்பா, அவதான். ஆர்ட்டிஸ்ட்டுன்னதும் படம் வரைவான்னு நெனச்சுக்காத. நானும் அப்படி நெனச்சுத்தான் ஏமாந்தேன். லவ்வுக் கண்ணாலந்தான். என்ற மகன் வந்து, 'அம்மா, நெம்ப நல்ல ஆர்ட்டிஸ்ட்டும்மா'ன்னான். சரி, மயிலு வரைவா, குதிரை வரைவா, ஊட்டுல மாட்டலாம்னு இருந்தேன். இவ என்ன பண்ணுவா தெரியுமா? பழைய செருப்பைப் பொறுக்கியாந்து வரிசையா வப்பா. பியூஸ் போன பல்பை நூல்ல கட்டித் தொங்க உடுவா. என்னடி இதுன்னு கேட்டா, 'இன்ஸ்டலேசன் அத்தை'ம்பா. எங்கம்பெனியில தினமும் குப்பை லாரியில போறதையெல்லாம் இவ கண்ணுல காட்டியிருந்தா ஒலகம் பூராவும் பேரு வாங்கியிருப்பா.

நல்ல புள்ளைதான். அதையும் சொல்லோணும். என்ற மகன் போனப்பறம் அவ அம்மா கடலூர்ல இருந்து வந்து, 'கெளம்புடி, இனி இங்க என்ன இருக்கு'ன்னு கூப்புட்டா. இவ அசையல. 'அத்தையைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்'னு சொல்லீட்டா. அன்னைக்கிருந்து நானும் அவளுந்தான். நானு சீரியல் பாப்பேன், பக்கத்துல உக்காந்து அந்தக் கருமத்தை அவளும் பாப்பா. ஒரு வார்த்தை பேசிக்க மாட்டோம். ஆனா ஊட்டுல இன்னொரு ஆளு மூச்சு உடற சத்தம் இருந்துச்சு பாரு, அது போதும் எனக்கு. இப்ப அதும் இல்ல.

என்ற மகன் பூபதி. ஒரே மகன். எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரு, ஆர்டரையெல்லாம் பாக்கற வேலை. வெடியால எந்திரிச்சான், மேலுக்குத் தண்ணி வாத்தான், சட்டையை மாத்துனான், சாப்புட்டான், வண்டியை எடுத்துட்டுப் போனான். கம்பெனிப் படியில நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. ஒரு பீடி குடிச்சதில்ல, ஒரு சொட்டுத் தண்ணி போட்டதில்ல. என்ன நாயம் இது, நீயே சொல்லு? எங்கூட்டுக்காரரு குடிச்சாரு, போனாரு, அது தெரிஞ்ச கதை. இவன் என்ன பண்ணுனான்? அவன் மேல எனக்கு வர்ற கோவம் இருக்குதே, அதைச் சொல்லி மாளாது. போறவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லீட்டுப் போனானா? 'அம்மா, டிபன்ல ஊறுகா வச்சியா'ன்னு கேட்டான். அதான் கடேசிப் பேச்சு. இதுக்கா பெத்தேன்?

சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆக வேண்டியதைப் பாக்கோணும்ல? கருமாதிக்கு முன்னாடியே ஊட்டைச் சுத்தம் பண்ணீட்டேன். செத்தவிங்க துணிமணியை ஊட்டுல வச்சிருக்கக் கூடாது. வச்சிருந்தா அவிங்களும் போக முடியாது, நம்மளும் நிம்மதியா இருக்க முடியாது. பீரோவைத் தெறந்தேன், மூட்டை கட்டுனேன். பேண்ட்டு, சட்டை, பனியன், கர்ச்சீப்பு, ஒண்ணு உடல. சீப்பு, செருப்பு, பெல்ட்டு, கட்டில்ல கெடந்த தலகாணி உறை மொதக்கொண்டு எடுத்தாச்சு. கொஞ்சம் நொய்யல் ஆத்துல உட்டோம், மிச்சத்தை ஒரு ஆசிரமத்துக்குத் தாட்டி உட்டேன். எழிலு அப்ப கட்டில்ல சுருண்டு படுத்திருந்தா. 'அத்தை, ஒண்ணே ஒண்ணு வச்சுக்கட்டுமா'ன்னு கேட்டா. 'வேண்டாங் கண்ணு, அவன் போகட்டும்'னு சொல்லீட்டேன். சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் மூக்குமேல வெரலை வச்சாங்க. 'வசந்தாமணி கல்லாட்ட நின்னு காரியத்தை முடிச்சுட்டா'ன்னாங்க. பின்ன? நானும் படுத்துட்டா ஆரு பாக்கறது?

அப்படிப் பாத்துப் பாத்து எடுத்தும் ஒண்ணு தப்பிச்சுருச்சு. அவிங்க ரூம்புக் கதவுலயே பின்பக்கம் ஒரு ஆணி இருக்குது. முந்தின நாளு வேலைக்குப் போட்டுட்டு வந்த சட்டையைக் கழட்டி அதுல மாட்டியிருக்கறான். கதவு எந்நேரமும் செவுத்தோட சாஞ்சே கெடக்கும், எனக்குக் கண்ணுல படல. இவளுக்குப் பட்டிருக்குது. பட்டும் வாயைத் தெறக்கல. ஊமக் கொட்டான் ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு நானு வாயுட்டுக் கேட்டேன். 'ஏஞ் சாமி, நீதான் ஆர்ட்டிஸ்ட்டாச்சே, பூபதியைப் பெருசா ஒரு படம் வரைஞ்சு குடு, ஹால்ல மாட்டி மாலை போடலாம்'னேன். 'முடியல அத்தை, அவன் முகம் வரைய வரல'ன்னா. புருசனை அவன் இவன்னுதான் சொல்லுவா, அதை உடு. கட்டுன புருசன் மொகம் வரலையாம்! அத்தனை வருசம் காலேஜில என்னத்தைப் படிச்ச? நானு போனேன் ஸ்டுடியோவுக்கு. கம்பெனி ஐ.டி. கார்டைக் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசு பண்ணி, கோட்டு, டை எல்லாம் மாட்டி, கலரு ஏத்திக் குடுத்தான். எம்மவன் சென்மத்துல கோட்டுப் போட்டவனில்ல, ஆனா படத்துல கலெக்டராட்ட இருக்கறான். பாக்கற சனமெல்லாம் கையெடுத்துக் கும்புடுது. இவ மட்டும் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல. தலையைக் குனிஞ்சுட்டே ஹாலைத் தாண்டிப் போவா. கேட்டா, 'அது பூபதி இல்ல அத்தை'ங்கறா. பின்ன ஆரு, பக்கத்து ஊட்டுக்காரனா?

அப்பறம் இந்த ஆடி மாசம். ஒரு நாளு நானு சந்தைக்குப் போயிட்டு வரேன், ஊட்டு முன்னாடி சரக்கு ஆட்டோ நிக்குது. உள்ள போனா ஆசாரி ஒருத்தன் எங்கூட்டு ரூம்புக் கதவைக் கழட்டீட்டு இருக்கறான். 'என்னடி இது'ன்னேன். 'எக்ஸிபிஷனுக்கு வேணும் அத்தை'ங்கறா. 'அப்ப ரூம்புக்கு?' 'ஸ்கிரீன் மாட்டிக்கலாம் அத்தை.' ஆடி மாசத்துல எவளாச்சும் குடியிருக்கற ஊட்டுக் கதவைக் கழட்டுவாளா? நானு கத்துன கத்துல தெருவே கூடிருச்சு. அவ பாட்டுக்குக் கதவுக்குப் போர்வையைச் சுத்திக் கயித்தால கட்டி, கூடவே ஒக்காந்து தாங்கிப் புடிச்சுட்டுப் போறா. போர்வைக்குள்ள சட்டையும் போகுதுன்னு எனக்கு அப்பத் தெரியாது.

போயிட்டு ஒரு வாரங் கழிச்சுப் போன் பண்ணுனா. 'நீங்க கண்டிப்பா வரணும் அத்தை'ன்னா. சரி, மருமவ பேரு போர்டுல வருது, போகாம இருந்தா நல்லா இருக்காதுன்னு போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறு கெளம்புனேன். பட்டுச்சீலை வேற கட்டீட்டுப் போனேன், அதைச் சொல்லு. லட்சுமி மில்லுக்குப் பக்கத்துல பழைய பங்களா ஒண்ணு, அதை எக்ஸிபிஷன் ஹாலாப் பண்ணி வச்சிருக்கறாங்க. உள்ள நொழஞ்சா ஏசி சில்லுன்னு அடிக்குது. நடு ஹால்ல எங்கூட்டுக் கதவு நிக்குது. செவுரு கெடையாது. நெலவுச் சட்டம் மட்டும் புதுசா அடிச்சு, கதவு தன்னால நிக்குது. அதே கிளிப்பச்சை பெயிண்ட்டு. நானு எண்ணெக் கையோட தள்ளித் தள்ளி உழுந்த கறை கூட அப்படியே இருக்குது. அதையாவது தொடைச்சுட்டுக் கொண்டு போயிருக்கக் கூடாதா? கோயில் தூணைச் சுத்தற மாதிரி சனம் அதைச் சுத்திச் சுத்தி வருது. நானும் சுத்துனேன். பின்னாடி வந்து பாத்தா, என்ற மகன் சட்டை தொங்குது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு. வெளுத்த நீலத்துல முழுக்கைச் சட்டை. தீவாளிக்கு நானே எடுத்துக் குடுத்தது. காலரு கருப்பா இருக்குது. அக்குளு மஞ்ச புடிச்சுக் கெடக்குது. வவுத்துக்கிட்ட டீ சிந்துன கறை. பையில பேனா ஒழுகி மை. பக்கத்துல ஒரு போர்டு. தமிழ்லயும் இங்கிலீசுலயும் போட்டிருக்குது: 'தொடாதீர்கள். அருகில் வந்து ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.' அங்க வந்த சனம் என்ன பண்ணுது தெரியுமா? ஒவ்வொருத்தராக் குனிஞ்சு, கண்ணை மூடி, என்ற மகன் அக்குளை மோந்து பாக்குது! நல்லா கைத்தறிச் சீலை கட்டி, வெள்ளிப் பொட்டு வச்ச பொம்பளைங்க. தாடி வச்ச ஆம்பளைங்க. சிரிக்காத கண்ணு. உன்ற அண்ணன் சட்டையை அப்படி மோந்து பாத்தா நீ சிரிப்பியா?

பள்ளிக்கூடம் போறப்பவே அவனை அழுக்குச் சட்டையில ஒரு நாளு அனுப்புனதில்ல நானு. சிப்டு முடிஞ்சு வந்து, கையெல்லாம் நோவுனாலும், நீலம் போட்டு அலசித்தான் காயப் போடுவேன். 'வசந்தாமணி மகனாட்டச் சுத்தமா வாங்கடா'ன்னு டீச்சரு சொல்லுவாங்க. அப்படி வளத்தவனை அழுக்கோட கொண்டாந்து ஊருக்கு நடுவுல தொங்க உட்டிருக்கறா. ஒரு பொம்பளை மோந்து பாத்துட்டுத் தேம்பித் தேம்பி அழுகறா. ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாம். 'நீ ஆரு அம்மிணி அவனுக்கு'ன்னு கேட்டேன். 'எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சும்மா'ங்கறா. 'அப்ப உன்ற அப்பன் சட்டையைப் போயி மோந்து பாரு, எம்மவனை உடு'ன்னு சொல்லீட்டேன். அவ மூக்கை உறிஞ்சீட்டு அந்தப் பக்கம் போயிட்டா.

அதுக்குள்ள எழிலு மைக்கைப் புடிச்சுப் பேச ஆரம்பிச்சா. 'இந்த வாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுட்டே வருது. நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு மூச்சு எடுத்துட்டுப் போறீங்க. ஒரு நாள் இது வெறும் சட்டையா ஆயிடும். அன்னைக்கு நான் அவனை அனுப்பி வச்சுடுவேன். அதுவரைக்கும் அவன் கதவுக்குப் பின்னாடி இருக்கான்'ன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. நானு பின்னாடி நிக்கறேன். பத்து மாசம் சுமந்தவ, பட்டுச்சீலையைக் கட்டீட்டு, தூணுக்குப் பக்கத்துல நிக்கறேன். அந்தப் பேச்சுல அம்மான்னு ஒரு வார்த்தை இருந்துச்சா? இல்ல. தேடிப் பாத்தாலும் இல்ல. அவளுக்குப் புருசன் போயிட்டான், மோந்து பாத்தவிங்களுக்கெல்லாம் அப்பன் ஞாபகம், தாத்தன் ஞாபகம். எனக்கு மட்டும் ஒண்ணும் போகல போல.

நானு மோந்து பாத்தனான்னா கேக்கற? நானெதுக்குப் பாக்கறேன்? பெத்தவ வரிசையில நின்னு மோந்து பாக்கோணுமா? நல்லாக் கேட்ட போ.

பொழுதோட கூட்டம் கலைஞ்சுது. எழிலு ஆரையோ வழியனுப்ப வாசலுக்குப் போயிட்டா. வாட்ச்மேன் ஒரு பக்கமா லைட்டை அணைச்சுட்டு வர்றான். 'நாளைக்கு லீவும்மா, இனி செவ்வாக்கெழமதான் தெறப்போம்'னு அவனாத்தான் சொன்னான். என்ற கை தன்னால போச்சு. ஆணியில இருந்து எடுத்தேன், மடிச்சேன், பையில வச்சேன். திருடுனேன்னு நெனக்காத, எம்மவன் சட்டையை நானு எடுக்கறதுக்கு எவகிட்டக் கேக்கோணும்? அவ வந்து என்னைய பஸ் ஏத்தி உட்டா. எக்ஸிபிஷன் முடியறவரைக்கும் கூட்டாளி ஊட்டுலதான் தங்கியிருந்தா. பஸ்சுக்கு வெளிய நின்னுட்டு, 'அத்தை, உங்களுக்கு எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டா. ஆசையாத்தான் கேட்டா. 'கதவு நல்லா நேரா நிக்குது'ன்னு சொன்னேன். வேறென்ன சொல்றது?

மறுநாளு வெடியால ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில முக்காலியைப் போட்டு உக்காந்தேன். பாரு கண்ணு, கறைன்னா அது எங்கிட்ட நிக்காது. மையிக்கு எலுமிச்சம்பழமும் உப்பும். காலருக்குக் கட்டிச்சோப்பு, பழைய பல்லு பிரஷ்ஷு. டீக்கறைதான் படாத பாடு படுத்துச்சு, ஆனா உட்டனா? அக்குளை மட்டும் ரெண்டு தரம் தேச்சேன். வடிகஞ்சியில முக்கி, நெழல்ல காயப் போட்டு, இஸ்திரிப் பொட்டி போட்டேன். கை மடிப்பு கத்தியாட்ட நின்னுச்சு. மேல் பொத்தானு ஒண்ணு லூசா இருந்துச்சு, அதையும் தெச்சேன். மெய்யாலும் சொல்றேன், அவன் போனப்பறம் அன்னைக்கு ஒரு நாளுதான் எனக்கு மனசு நெறஞ்சிருந்துச்சு. அவனுக்குன்னு செய்ய ஒரு வேலை கெடச்சுதே. சோத்தைப் போட முடியுமா, டிபன் கட்ட முடியுமா? இதையாச்சும் செய்ய முடிஞ்சுதே.

செவ்வாக்கெழம மொத பஸ்சுக்குப் போயிட்டேன். வாட்ச்மேன் தெறந்து உட்டான். சட்டையைக் கொண்டு போயி அதே ஆணியில மாட்டி, பொத்தானெல்லாம் போட்டு, தோளை நேராக்கி உட்டேன். கடையில இருந்து இப்ப எடுத்த மாதிரி இருந்துச்சு. அந்தச் சனம் வந்து பாக்கட்டும், இவன் எப்படிப்பட்ட ஊட்டுப் புள்ளைன்னு தெரியட்டும்னு ஒரு ஓரமா நின்னேன். இவளும் சந்தோசப்படுவான்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்.

வந்தா. தூரத்துல இருந்தே பாத்துட்டா. நடையே நின்னுபோச்சு. அப்பறம் ஒரே ஓட்டமா வந்து சட்டையைக் கையில புடிச்சு மொகத்துல வச்சா. காலரை மோந்தா. கையை மோந்தா. அக்குளு, முதுகு, பை, ஒவ்வொரு எடமாத் தேடித் தேடி மோந்தா. எதைக் கண்டா? கஞ்சி வாசம்தான் வந்திருக்கும். போர்டுல தொடாதேன்னு எழுதுனவ அவளே கசக்குறா, பொட்டி போட்டதெல்லாம் வீணாப் போச்சு. அப்பறம் மெதுவா என்ற பக்கம் திரும்புனா.

'அத்தை... நீங்களா?'

'பின்ன ஆரு? இப்பப் பாரு, எப்படி இருக்குதுன்னு.'

அப்படியே கதவுக்குக் கீழ தரையில உக்காந்துட்டா. கத்தல. அழுகல. கத்தியிருந்தா நானும் நாலு கத்து கத்தியிருப்பேன். என்ற மொகத்தைப் பாத்துட்டு மெதுவாச் சொன்னா: 'இன்னைக்குத்தான் அத்தை பூபதி செத்துப் போனான்.'

கேட்டியா? கேட்டியா பேச்சை! எனக்குத் தலைக்கு மேல ஏறிருச்சு. 'இன்னைக்குச் செத்தானா? அப்ப சுடுகாட்டுல எரிச்சது ஆரைடி? கருமாதி பண்ணுனது ஆருக்கு? அமாவாசைக்கு அமாவாசை நானு படையல் போடறது ஆருக்கு? ஊரான் மூக்குக்கு எம்மவனைப் பங்கு வச்சுப் பேரு வாங்கற நீ! எரியற ஊட்டுல புடுங்குனது லாபம்னு கதவைப் புடுங்கியாந்த நீ!'ன்னு கேட்டேன். ஆமா, கேட்டேன். அந்த ஹாலு முழுக்க எதிரொலிச்சுது. அவ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'எல்லாத்தையும் ஆத்துல விட்டீங்க அத்தை. இது ஒண்ணுதான் இருந்துச்சு'ன்னா. நானு ஆருக்காக உட்டேன்? அவன் நல்லபடியாப் போகோணும்னுதான உட்டேன்? நல்லதுக்குக் காலமில்ல. 'வீட்டுக்குப் போங்க அத்தை, நான் இப்ப வரல'ன்னா. அவ்வளவுதான். கதவோட போனவ இன்னும் வரல.

போன் எடுக்கறா, எடுக்காம இல்ல. 'சாப்டீங்களா'ங்கறா, 'பிரஷர் மாத்திரை போட்டீங்களா'ங்கறா. 'எப்ப வர்ற'ன்னு கேட்டா லைனு கட்டாயிருது.

இதுல இன்னொரு கூத்து கேளு. சட்டையை எடுத்துருவா, எக்ஸிபிஷனை மூடிருவான்னு நெனச்சேன். மூடல. அந்தத் துவைச்ச சட்டையை அப்படியே உட்டுட்டு, போர்டை மட்டும் மாத்தியிருக்கறா. பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு, எதுத்த ஊட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. 'இந்தச் சட்டையை அவனுடைய அம்மா துவைத்துவிட்டார்.' அதான் போர்டு. வேற ஒண்ணும் இல்ல. அதைப் படிச்சுட்டு மின்னைய விட எச்சாக் கூட்டம் வருதாம், மின்னைய விட எச்சா அழுகறாங்களாம். மானத்தை வாங்கீட்டா பாத்தியா? என்ன, அம்மான்னு போட்டிருக்குதேன்னா? போட்டிருக்குது. நானு இல்லைங்கல. போடறவ இதுக்கா போடோணும்? நீ என்ன அவ பக்கம் பேசற?

இன்னைக்குக் கடேசி நாளு. எல்லாத்தையும் கழட்டறாங்களாம். கதவைத் திருப்பித் தாட்டி உடறேன்னு நேத்துப் போன்ல சொன்னா. கதவு வருது, சரி. நீயின்னு கேட்டேன். 'மாத்திரையைப் போடுங்க அத்தை'ன்னு வச்சுட்டா. எனக்கு எதுக்கு வெறுங் கதவு? அதான் பொறுக்க முடியாம எந்திரிச்சு வந்துட்டேன்.

எது வந்துருக்குது? ஹோப் காலேஜா? அப்ப இன்னும் கொஞ்சந்தான்.

அவ என்ன நெனச்சுட்டு இருக்கறா தெரியுமா? நானு அவனை அலசிச் சாக்கடையில ஊத்தீட்டேன்னு நெனச்சுட்டு இருக்கறா. ஊத்தல! எவ சொன்னது ஊத்துனேன்னு? சட்டையைத்தான் துவைச்சேன். தண்ணியை ஊத்தல. அன்னைக்கு வெதுவெதுன்னு தண்ணி வச்சு, அதுல சட்டையை மொதத்தரம் முக்குனேன் பாரு, முக்குன ஒடனே குப்புன்னு வந்துச்சு. அவந்தான். அந்தப் பவுடரு, வேர்வை, பள்ளிக்கூடம் உட்டு ஓடியாந்து என்ற சீலையில மொகத்தைத் தொடைப்பானே, அந்த வாசம். மூக்குல இல்ல, தொண்டையில வந்து நின்னுச்சு. கையைத் தண்ணிக்குள்ள வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். தண்ணி ஆறிப் போச்சு. அப்பறந்தான் சோப்பை எடுத்தேன். எடுக்காம? நனைச்ச துணியைப் பாதியில உட முடியுமா?

அந்தத் தண்ணி அப்படியே பக்கெட்டுல இருக்குது. கலங்கலா, மை கலந்து, பொடக்காளியில ஓரமா. மேல ஒரு தட்டத்தைப் போட்டு மூடி வச்சிருக்கறேன். இப்ப நாத்தம் அடிக்குது. கொசு மொய்க்குது. பக்கத்து ஊட்டுக்காரி செவுத்துக்கு மேல எட்டிப் பாத்து, 'என்னக்கா செத்துக் கெடக்குது'ன்னு கேக்கறா. தண்ணி வாக்க வேற பக்கெட்டு வாங்கியாச்சு. தெனமும் வெடியால ஊத்திரலாம்னுதான் போறேன். புடியில கையை வப்பேன், தூக்க வராது. அவ்வளவு கனம். எனக்கு இடுப்பு வலி வேற, கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு.

சாச்சு உட்டா போயிருமேன்னு சொல்லாத. எனக்குத் தெரியாதா? நீ வந்து சாச்சுப் பாரு, அப்பத் தெரியும்.

கண்டக்டரு, லட்சுமி மில்லு எறக்கம்! நகரு கண்ணு, காலை மடக்கிக்க. நாலு கேள்வி கேக்கோணும்னு சொன்னனா? கேப்பேன், கேக்காம உட மாட்டேன். ஆனா மொதல்ல அவகிட்ட இதைத்தான் சொல்லோணும்: நீ என்னமோ பண்ணிக்க தாயி, போர்டுல என்ற பேரைப் போட்டுக்க, கதவை வேணும்னா இங்கயே வச்சுக்க. ஊட்டுக்கு மட்டும் வா. வந்து அந்தப் பக்கெட்டை ஒரு பக்கம் நீ புடி, ஒரு பக்கம் நானு புடிக்கறேன். என்னால தனியா ஊத்த முடியல.